ஏழாவது துண்டு

அம்மாவின் அடுப்புக்கு மேலே, கூரைத் தகரத்தைத் தாங்கும் சட்டத்தில், ஒரு கம்பி தொங்கிக்கொண்டிருந்தது. முச்சக்கர வண்டியிலிருந்து கழற்றிய பழைய கிளட்ச் கம்பி. மேல்முனை சட்டத்தில் கொக்கியாக மாட்டியிருக்கும். அதில் பன்றிக் கொழுப்புத் துண்டுகளைக் கோத்து வைத்திருப்பார்கள். புகை பட்டுப் பட்டு வெளிப்புறம் கறுத்துப்போயிருக்கும். கத்தியால் சீவினால் உள்ளே வெள்ளை.

எங்கள் தோட்டம் மஸ்கெலியாவுக்கு மேலே இருக்கிறது. முப்பது வருடம் மழையில் நின்று கொழுந்து பறித்த பெண்ணுக்கு முழங்கால் எப்படியிருக்கும் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. வேலை முடிந்து வந்ததும் அம்மா ஒரு துண்டில் கொஞ்சம் சீவி, கரண்டியில் உருக்கி, இரண்டு முட்டியிலும் சூடாகத் தேய்த்துக்கொள்வார். ஒட்டி ஒட்டி வரிசையாக நிற்கும் எங்கள் லயத்தில் பாதி வீடுகளில் அப்படித்தான்.

அந்தக் கொழுப்பு வந்து சேர்வதில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது பன்றி அடித்தால், கால் வலிக்காரர் வீட்டுக்கு ஒரு துண்டு போகும். ஆனால் கையில் கொடுக்க மாட்டார்கள். ஆள் எழும்புவதற்கு முன் ஜன்னல் விளிம்பில் சேம்பிலையில் மடித்து வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். வைத்தது யார் என்று கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. பெயர் தெரிந்தால் மருந்து பிடிக்காது என்பது நம்பிக்கை. சின்ன வயதில் எனக்கு அது அழகாகத் தெரிந்தது. கொடுத்தவருக்குப் பெருமை இல்லை, வாங்கியவருக்குக் கடன் இல்லை.

நான் ஹட்டனில் இருந்துகொண்டு ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குப் பிராந்தியச் செய்தி எழுதுகிறேன். கண்ணியில் சிக்கிச் செத்த சிறுத்தைகளைப் பற்றி எத்தனை செய்தி அனுப்பியிருப்பேன் என்று எனக்கே நினைவில்லை. எல்லாம் மூன்று பந்திதான், பந்திக்கு இரண்டு வரி. முதல் பந்தியில் சடலம் கண்டெடுக்கப்பட்ட இடம். இரண்டாவதில் பன்றிக்கு வைத்த கம்பி. மூன்றாவதில் 'மேலதிக விசாரணை'. காய்கறித் தோட்டத்தைப் பன்றி கிளறாமலிருக்கக் கண்ணி வைப்பார்கள். பன்றி வரும் வழியில்தான் சிறுத்தையும் வரும்.

எங்கள் தோட்டத்து மேல் மலையில் ஒரு சிறுத்தை செத்துக் கிடக்கிறது என்று தம்பிதான் காலையில் தொலைபேசியில் சொன்னான். முதல் பஸ்ஸில் போனேன். தேயிலையும் காடும் சந்திக்கும் ஓரத்தில் அது கிடந்தது. இடுப்பில் கம்பி இறுகியிருந்தது. முன்கால் இரண்டிலும் நகங்கள் இல்லை. வயிற்றுத் தோல் ஒரு சாண் நீளத்துக்கு அறுபட்டிருந்தது. அறுத்தது கூரான கத்தி, நிதானமான கை. பல்லால் கிழித்ததல்ல. அதையெல்லாம் குறித்துக்கொண்டேன், படம் எடுத்தேன். அதிகாரிகள் வரும்வரை யாரும் தொடக்கூடாது என்று மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு கத்திக்கொண்டிருந்தார். நகம் போன பிறகு.

மதியம் அம்மா வீட்டில் சாப்பிட்டேன். தட்டோடு அடுப்பங்கரைக்குப் போனபோது கம்பியைப் பார்த்தேன். ஏழு துண்டுகள்.

இரண்டு மாதத்துக்கு முன் அதே கம்பியைப் படம் எடுத்திருந்தேன், தோட்டத்துக் கைவைத்தியம் பற்றி ஒரு கட்டுரைக்காக. கட்டுரை எழுதவில்லை, படம் தொலைபேசியில் இருந்தது. அதில் ஆறு. எனக்கு எண்ணும் பழக்கம் உண்டு. கூட்டத்துக்குப் போனால் நாற்காலியை எண்ணுவேன், விபத்துக்குப் போனால் செருப்பை எண்ணுவேன்.

"அம்மா, கடைசித் துண்டு எப்ப வந்துச்சு?"

"இன்னைக்கி காலையிலதான் புள்ள. ஜன்னல்ல இருந்துச்சு. நல்ல வெள்ளையா இருக்குல்ல?"

நல்ல வெள்ளையாகத்தான் இருந்தது. அதன் அடியில் ஒரு சொட்டு திரண்டு, விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது. மலையில் நான் கண்டதைச் சொல்லியிருக்கலாம். அதை எடுத்துப் புதையுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் நம் லயத்தில் ஒருவன் அந்த வயிற்றை அறுத்தான் என்று என் வாயால் சொன்னதாகிவிடும். பஸ்ஸுக்கும் நேரமாகியிருந்தது. தட்டைக் கழுவி வைத்துவிட்டு ஹட்டனுக்கு வந்து மூன்று பந்திச் செய்தியை அனுப்பினேன்.

மறுநாள் காலை, ஆட்கள் வேலை பிரிக்கும் பெரட்டுக்குக் கிளம்பும் நேரத்தில், வனஜீவராசிகள் அதிகாரிகள் லயத்துக்கு வந்தார்கள். யாரோ தகவல் கொடுத்திருந்தார்கள். கடைசி வீடான கோடிக் காம்பராவிலிருந்து ஒவ்வொரு வீடாகப் பார்த்து வந்தவர்கள் எங்கள் அடுப்பங்கரையில் நின்றுவிட்டார்கள். சிறுத்தையின் இடுப்பிலிருந்த கம்பியும் அம்மாவின் கம்பியும் ஒரே ரகம். இதை அம்மா பின்னால் எனக்குச் சொன்னபோது, நடந்ததை நடந்த வரிசையில் சொல்ல முடியாமல் திணறினார். நான்தான் செய்தியாளர் மாதிரிக் கேள்வி கேட்டு அடுக்கிக்கொண்டேன்.

அதிகாரி சிங்களத்தில் கேட்டிருக்கிறார், இது என்ன கொழுப்பு என்று.

பன்றி, என்று அம்மா சொல்லியிருக்கிறார்.

யார் கொடுத்தது?

தெரியாது.

ஏழு துண்டு இருக்கிறது, ஒன்றைக்கூட யார் கொடுத்தது என்று தெரியாதா?

தெரியாது.

உண்மையிலேயே தெரியாது. ஆனால் காக்கிச் சட்டை போட்ட ஒருவருக்கு அந்தப் பதில் எப்படிக் கேட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். அம்மாவை ஜீப்பில் ஏறச் சொன்னபோது தம்பி குறுக்கே வந்து, எல்லாம் என்னுடையது, நான்தான் கொண்டுவந்து கோத்தேன் என்று சொல்லியிருக்கிறான். அம்மாவை விட்டுவிட்டு அவனை ஏற்றிக்கொண்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அவன் செருப்பு ஒன்று வாசல் இஸ்தோப்பில் கவிழ்ந்து கிடந்தது.

நீதவான் பதினான்கு நாள் விளக்கமறியல் என்றார். கம்பியும் துண்டுகளும் ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்பட்டன. நீதிமன்ற வாசலில் எங்கள் சட்டத்தரணி குடையை விரிக்க முயன்றுகொண்டே பேசினார். குடை விரியவில்லை.

"தங்கச்சி, கம்பியப் பத்திப் பயப்படாதீங்க. அந்தக் கம்பி மஸ்கெலியாவுல எல்லா வீட்லயும் இருக்கும், என் வீட்லயும் இருக்கு. கொழுப்புதான் கேஸ். ஏழும் பன்னின்னா வந்துருவாரு. ஒண்ணு சிறுத்தைன்னு வந்தா…" குடையை ஒரு தட்டுத் தட்டினார். "ஒண்ணு போதும். லேசுல வெளிய எடுக்க முடியாது."

தொலைபேசியிலிருந்த படத்தை அவரிடம் காட்டினேன். ஆறு துண்டு, கீழே தேதி. அவர் நெடுநேரம் பார்த்தார்.

"இத யாருக்கும் காட்டாதீங்க. ஏழாவது பன்னின்னா இது தேவையில்ல. சிறுத்தைன்னா, அது செத்த அன்னைக்கித்தான் வந்துச்சுன்னு நீங்களே சாட்சி சொல்ற மாதிரி ஆகும்."

மறுநாள் எங்கள் பத்திரிகையில் செய்தி வந்தது. நான் எழுதவில்லை, பக்கத்துப் பிராந்தியச் செய்தியாளர் எழுதியிருந்தார். 'சிறுத்தையின் கொழுப்பெனச் சந்தேகிக்கப்படும் ஏழு துண்டுகளுடன் சந்தேகநபர் ஒருவர் கைது.' அதில் பிழையே இல்லை. நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். அந்த வரியைப் படித்தபோது, நான் எழுதிய செய்திகளில் சந்தேகநபர் என்று வந்த அத்தனை பேருக்கும் ஒரு அக்காவோ அம்மாவோ இருந்திருப்பார்கள் என்று தோன்றி, பத்திரிகையை மடித்து வைத்துவிட்டேன்.

சிறையில் தம்பியைப் பார்த்தபோது கம்பி வலைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டான்: "உங்க பேப்பர்ல என் போட்டோ வந்துச்சாக்கா?"

"இல்ல."

"அப்ப எதுக்கு அந்தப் பேப்பரு?" என்று சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, அந்தக் கடைசித் துண்டு. அம்மா அன்னைக்கி சாயங்காலம் அதத்தான் தேய்ச்சுக்கிட்டாங்க. நான்தான் சீவிக் குடுத்தேன். கத்தி போன விதம் எனக்குப் பிடிக்கல. ரொம்ப மெத்துன்னு இருந்துச்சு."

"புதுக் கொழுப்பு மெத்துன்னுதான் இருக்கும்."

"அப்படியா?"

"அப்படித்தான்," என்றேன். எனக்குத் தெரியாது.

தெரிந்த ஒருவரிடம் கேட்டேன். பல வருடங்களுக்கு முன் ஒரு கட்டுரைக்காக நான் பேசிய விரிவுரையாளர், விலங்கு மரபணு படித்தவர், சிங்களப் பெண்மணி. இந்த வழக்கின் துண்டுகள் அவரிடம் போகவில்லை. போயிருந்தால் உங்களிடம் பேசவே மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பொதுவாக எப்படிச் செய்வார்கள் என்று மட்டும் சொன்னார். நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

கொழுப்பைப் பார்த்தோ முகர்ந்தோ எந்த மிருகம் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். தோல் என்றால் மயிர் இருக்கும், எலும்பு என்றால் வடிவம் இருக்கும். கொழுப்பில் எதுவும் இல்லை. அதிலுள்ள அமிலங்களை அளந்து பார்க்கும் முறை ஒன்று இருக்கிறது, ஆனால் மிருகம் தின்றதைப் பொறுத்து அளவு மாறும். உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் மரபணுதான். கொழுப்புத் திசுவிலும் உயிரணுக்கள் உண்டு, ஆனால் ஒவ்வொன்றும் எண்ணெயால் புடைத்து நிற்பதால் ஒரு துண்டில் அவற்றின் எண்ணிக்கை குறைவு. கறுத்த வெளிப்பகுதியை வெட்டி எறிந்துவிட்டு நடுவிலிருந்து எடுப்பார்கள், ஏனென்றால் வெளியே தொட்ட கையின் அடையாளமும் பக்கத்துத் துண்டின் அடையாளமும் ஒட்டியிருக்கும். எண்ணெயைக் கரைத்து நீக்கிவிட்டு, மிஞ்சியதில் ஒரு சிறு பகுதியைப் படித்து, தெரிந்த மிருகங்களோடு ஒப்பிடுவார்கள்.

"புகையில தொங்கினா?" என்று கேட்டேன்.

"பழசு என்றால் சிரமம். சூடு பட்டுச் சிதைந்திருக்கும். முடிவே வராமல் போகலாம்." என்றார். "புதிது என்றால் சுலபம். தெளிவாக வரும்."

ஏழாவது புதிது. தெளிவாக வரும்.

அந்த நாட்களில் அம்மாவோடு லயத்திலேயே தங்கினேன். வெளியே எல்லாம் வழமைபோல நடந்தது. பெரட்டு கலைந்தது, பெண்கள் கூடையோடு மலைக்கு ஏறினார்கள், பீலியில் தண்ணீருக்கு வரிசை நின்றது. ஆனால் எந்த அடுப்புக்கு மேலும் கம்பி இல்லை. ஆண்கள் கிளட்ச் கம்பி, பிரேக் கம்பி எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டுபோய் நீர்த்தேக்கத்தில் போட்டுவிட்டு வந்ததாகப் பேச்சு. எங்கள் வாசலில் யாரும் நிற்கவில்லை. பீலியில் நான் குடத்தோடு போனால் வரிசை எனக்கு வழிவிட்டது. அதற்கு முன் யாரும் எனக்கு அப்படி வழிவிட்டதில்லை.

ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன். இவனா அறுத்தது? இவளா ஜன்னலில் வைத்தது? இரண்டும் ஒரே ஆள்தானா? கோடிக் காம்பராப் பெண் ஒருநாள் என்னைப் பார்த்ததும் குடத்தைப் பாதி நிரப்பியபடி போய்விட்டாள். அவள் புருஷனிடம் நல்ல கத்தி இருப்பது எல்லோருக்கும் தெரியும். அவனும் என்னைப் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொண்டான். இதையெல்லாம் குறிப்பேட்டில் எழுதவில்லை. எழுதினால் அது ஆதாரம் மாதிரித் தோன்றும், அது ஆதாரமே இல்லை.

அம்மா முழங்காலைக் கழுவிக்கொண்டேயிருந்தார். சவர்க்காரம் போட்டு, சாம்பல் போட்டு, தோல் சிவக்கும்வரை.

"கழுவுனா போகுமா புள்ள? அவங்க வந்து என் காலச் சுரண்டிப் பாப்பாங்களா?"

"பாக்க மாட்டாங்கம்மா."

"தேய்க்கிறப்ப பொக வாசந்தான் வந்துச்சு. வேற ஒண்ணும் வரல." மறுபடி சாம்பலை அள்ளிக்கொண்டு, "அதுக்கு வலி நல்லாக் கேட்டுச்சு," என்றார், அதுவே ஒரு குற்றம்போல.

முதல் பதினான்கு நாள் முடிந்தது. அறிக்கை வரவில்லை. இன்னொரு பதினான்கு நாள். அதுவும் முடிந்த காலையில் ஹட்டன் நீதிமன்றத்தில் மழைச் சத்தத்துக்கு மேல் எங்கள் வழக்கை அழைத்தார்கள். தம்பி கூண்டில் நின்றான். இளைத்திருந்தான். இந்த முறை இரண்டு காலிலும் செருப்பு இருந்தது, இரண்டும் வேறு வேறு.

அறிக்கை சிங்களத்தில் இருந்தது. ஒன்று முதல் ஏழு வரை இலக்கமிட்டிருப்பதாக வாசித்தார்கள். நான் கொக்கியிலிருந்து எண்ணியிருந்தேன். என் கணக்கில் புதியது ஏழு. ஆய்வுகூடத்தில் மறுமுனையிலிருந்து எண்ணியிருந்தால் அது ஒன்று. இது அந்த நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது. ஒன்றுக்கும் பயப்பட வேண்டும், ஏழுக்கும் பயப்பட வேண்டும்.

ஒன்று, பன்றி.

அம்மாவுக்குச் சிங்களம் தெரியும், ஆனாலும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு, பன்றி. மூன்று, பன்றி. நான்கு என்று சொல்லிவிட்டு வாசித்தவர் தாளைத் திருப்பினார். நான்கில் போதிய மரபணு கிடைக்கவில்லை, முடிவு இல்லை.

ஏழில் நான்கு எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் நான்குதான். நடுவில் இருப்பது. படத்தில் எனக்குத் தெரியும்: சீவிச் சீவித் தோலாகிப்போன பழைய துண்டு, விரலளவு. புதியது அல்ல. ஐந்து, பன்றி. ஆறு, பன்றி.

ஏழு, பன்றி.

அது காட்டுப் பன்றியா வீட்டுப் பன்றியா என்று இந்தச் சோதனையால் பிரித்துச் சொல்ல முடியாது என்று கடைசி வரி. அதைக் கேட்டதும் வனஜீவராசிகள் அதிகாரி தம்பியைப் பார்த்தார். தம்பி தன் செருப்பைப் பார்த்தான். பிறகு அதிகாரி தன் கோப்பை மூடினார். சந்தேகநபர் விடுவிக்கப்பட்டார். சிறுத்தையை அறுத்தது யார், நகங்கள் எங்கே என்பது இன்றுவரை 'மேலதிக விசாரணை'யில்தான் இருக்கிறது.

பஸ்ஸில் வரும்போது அம்மா தம்பியின் கையை விடவேயில்லை. எனக்குப் பயம் இறங்கவில்லை. எங்கே இறங்க வேண்டும் என்று அதற்குத் தெரியவில்லை. ஏழாவதைக் கொடுத்தவர் நல்ல மனதோடுதான் கொடுத்திருக்கிறார். அன்றைக்கு அந்தக் காலையில் கொடுத்ததுதான் அவர் செய்த பிழை. இருபத்தெட்டு நாளும் அவர் எங்கேயோ ஒரு காம்பராவில் இருந்துகொண்டு, தான் வைத்தது பன்றிதான் என்று தெரிந்தும், வாய் திறந்தால் தன்னை ஏற்றிவிடுவார்கள் என்று பயந்து இருந்திருக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவேண்டும். நானும் ஏழு என்று எண்ணிவிட்டுத் தட்டைக் கழுவியவள்தான்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். காலையில் அம்மா கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார். ஜன்னல் விளிம்பில் சேம்பிலை மடிப்பு.

தம்பி வந்து பார்த்தான். மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். இலை ஓரத்தில் வெள்ளை தெரிந்தது. யாரும் தொடவில்லை. அம்மாவின் கை மட்டும் தன் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தது.

"கொண்டுபோய்ப் பொதைச்சிரவா?" என்றான் தம்பி.

அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். இஸ்தோப்பில் இறங்கி நின்று, லயம் முழுக்கக் கேட்கும்படி சத்தமாகக் கேட்டேன்: "இத யாரு வச்சது?"

அந்த லயத்தில் இதற்கு முன் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். பீலியில் பேச்சு நின்றது. கதவுகள் திறந்தன, ஒன்றிரண்டு மூடின. பிறகு கோடிக் காம்பராப் பெண் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே வந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"நான்தான்க்கா. பன்னிதான். ஹட்டன் டவுன்ல கடையில வாங்குனது." ரவிக்கைக்குள்ளிருந்து நான்காய் மடித்த ஒரு சிட்டையை எடுத்து நீட்டினாள். "பில்லு இருக்கு. பாருங்க."

கையால் எழுதிய பில். கடை முத்திரை, நேற்றைய தேதி, சிங்களத்தில் பன்றிக் கொழுப்பு என்று தெளிவாக எழுதியிருந்தது. எழுதச் சொல்லிக் கேட்டு வாங்கியிருக்கிறாள்.

"போன தடவ வச்சதும்…" என்று தொடங்கினேன்.

"அக்கா." அவள் குரல் உடைந்தது. "அத மட்டும் கேக்காதீங்க."

நான் பில்லை மடித்துக்கொண்டேன்.

அவள் போன பிறகு அம்மா இலையை எடுத்தார். "பேரச் சொல்ல வச்சுட்டியே புள்ள. இனி இது எங்க பிடிக்கப்போவுது," என்று முணுமுணுத்தார். ஆனாலும் தம்பியிடம் நைலோன் கயிறு கேட்டு வாங்கி, துண்டைக் கோத்து, அடுப்புக்கு மேலே பழைய இடத்தில் கட்டினார். கட்டிவிட்டு என்னிடம் கையை நீட்டினார். பில்லைத் தரச் சொல்கிறார் என்று புரியச் சற்று நேரமானது.

அதையும் ஒரு ஊசியால் துளைத்து அதே கயிற்றில், கொழுப்புக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார். நான் அடுத்த முறை போனபோது கொழுப்பு பாதியாகியிருந்தது. பில் புகையில் மஞ்சளாகி, ஓரம் சுருண்டிருந்தது. எழுத்து இன்னும் படிக்கக்கூடியதாக இருக்கிறதா என்று கிட்டப் போய்ப் பார்த்தேன். இருந்தது. பிறகு வேறு துண்டு ஏதாவது கூடியிருக்கிறதா என்று எண்ணினேன்.